நம் நிலக்கரியில் சாம்பல் மிகுந்தது ஏன்?

நமது அனல்மின் நிலையங்களுக்கு வரும் நிலக்கரியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எரியாமல் சாம்பலாக எஞ்சுகிறது. சுரங்கத்தில் கற்கள் கலந்துவிடுவதே காரணம் என்று பலர் கருதுகின்றனர். அது ஓரளவே உண்மை. பெரும் பகுதி, நிலக்கரி உருவான நாளிலேயே அதனுள் சேர்ந்துவிட்டதாகும்.

இந்தியா, ஆஸ்திரேலியா, தென் ஆப்பிரிக்கா, அண்டார்க்டிகா ஆகியவை கோண்டுவானா என்னும் ஒரே நிலப்பரப்பாக இணைந்திருந்த காலம் அது. பனியாறுகள் உருகி விலகியபின், ஏறத்தாழ 25 முதல் 30 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், இன்றைய தாமோதர் பள்ளத்தாக்கில் சதுப்புக் காடுகள் தழைத்தன. அவற்றில் முதன்மையானது நாக்கு வடிவ இலைகளைக் கொண்ட குளோசாப்டெரிஸ். அதன் இலைத்தடங்கள் மேற்கூறிய நாடுகள் அனைத்திலும் கிடைக்கின்றன.

வீழ்ந்த தாவரங்கள் பிராணவாயு அற்ற தேங்குநீரில் முற்றிலும் மக்காமல் குவிந்து, பீட் எனப்படும் கரிச்சேறாயின. நிலம் தாழத் தாழ, அதன்மீது வண்டல் படிந்தது. அழுத்தமும் வெப்பமும் நீரையும் வாயுக்களையும் வெளியேற்ற, கரியின் விகிதம் உயர்ந்தது. பீட், பழுப்பு நிலக்கரி, நிலக்கரி என்பது இம்மாற்றத்தின் வரிசை. வயதில் மிக இளைய நெய்வேலிப் படிவு இரண்டாம் படியிலேயே நிற்கிறது.

தாமோதர் படுகைகள் தாழ்ந்துகொண்டே இருந்த பள்ளங்கள். ஆறுகள் அங்குத் தாவரச் சிதைவுகளுடன் களிமண்ணையும் நுண்மணலையும் கொணர்ந்து சேர்த்தன. இவை கரியுடன் இரண்டறக் கலந்துள்ளமையால், கழுவினாலும் எளிதில் பிரிவதில்லை. எனினும், நமது கரியில் கந்தகம் குறைவு என்பதை மறத்தலாகாது. அசாமின் மாக்கும் நிலக்கரி இதற்கு நேர்மாறானது. கடலின் தொடர்புடைய சூழலில் பிற்காலத்தில் உருவான அதில் சாம்பல் குறைவு, கந்தகம் மிகுதி.

எஃகுத் தொழிலுக்கு வேண்டுவது வேறு வகை. காற்றின்றிச் சூடாக்கும்போது இளகி, பின்னர் உறுதியான கற்கரியாக இறுகும் நிலக்கரியே ஊதுலைக்கு ஏற்றது. அளவான வெப்பத்தில் முதிர்ந்த கரிக்கே இத்தன்மை உண்டு. இவ்வகையில் முதல்தரமானது ஜாரியாவில் கிடைக்கிறது. அங்கும் சில அடுக்குகளை எரிமலைக் குழம்பு ஊடுருவி, நிலத்தடியிலேயே கற்கரியாக்கிவிட்டது. உள்ளூரார் அதனை ‘ஜாமா’ என்பர்.

இந்த அரிய கரிதான் எரிந்து அழிகிறது. ஜாரியாவில் நிலத்தடித் தீ முதன்முதலாக 1916இல் கண்டறியப்பட்டது. பழைய சுரங்கங்களில் கூரையைத் தாங்க விடப்பட்ட கரித்தூண்களைக் காற்று தீண்டும்போது, கரி தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்கிறது. கற்கரிக்குரிய நிலக்கரிச் சுரங்கங்கள் 1972இல் நாட்டுடைமையாயின. தீயோ இன்னும் முற்றாக அணையவில்லை. எஃகு ஆலைகள் தமக்கு வேண்டிய கரியில் பெரும் பகுதியை இறக்குமதி செய்கின்றன. அதில் கணிசமான பங்கு ஆஸ்திரேலியாவிலிருந்து, அதே குளோசாப்டெரிஸ் காடுகள் விட்டுச்சென்ற படிவுகளிலிருந்து வருகிறது.