நாணைக் கவ்வும் பிளவு

கேள்வி: வில்வித்தை பழகும் என் மகளின் அம்புகள் இடம் மாறி மாறிப் பாய்கின்றன. கடல்காற்றுதான் காரணமா?
– வாசகர், வட்டக்கோட்டை

பதில்: திருவிதாங்கூர் படைத்தளபதி டிலனாய் வலுப்படுத்திய உங்கள் ஊர்க் கோட்டை மதிலையே அறைகிற காற்றாயிற்றே, அதன்மேல் பழிபோடுவது சுலபம். முதலில் அம்பின் வாலைப் பாருங்கள். நாணைக் கவ்வும் பிளாஸ்டிக் பிளவுக்கு 'நாக்' என்று பெயர் (பேசுகிற நாக்கு அல்ல!). அது இறுகினால் அம்பு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகக் கழலும். தளர்ந்தால் இழுக்கும்போதே நழுவும். 70 மீட்டரில் பத்துப் புள்ளி வட்டம் 12.2 சென்டிமீட்டர்தான், சின்னப் பிசகும் அங்கே பெரிதாகத் தெரியும்.

அம்பை நாணில் மாட்டி, முனை கீழே இருக்கத் தொங்கவிடுங்கள். தானாக விழக்கூடாது, நாணை விரலால் லேசாகத் தட்டினால் விழவேண்டும். இறுக்கமென்றால் பிளவை அரத்தால் ராவாதீர்கள், நாணின் நடுவே சுற்றிய நூலை மெல்லியதாக மாற்றுங்கள். விரிசல் கண்ட நாக்கைத் தூக்கியெறியுங்கள். எய்யும்போது உடைந்தால் வில்லே முறியலாம்.