கால் வராத நாளில் என்ன செய்வது?

நிதி திரட்டுவதற்காகக் குமரியிலிருந்து சென்னைக்கோ காஷ்மீருக்கோ ஓடக் கிளம்புகிறவர்களுக்கு எந்த ஷூ வாங்குவது என்று சொல்ல ஊரே இருக்கிறது. பாதி வழியில் ஒருநாள் கால் வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும்; அன்றைக்கு என்ன செய்வது என்று சொல்லத்தான் ஆள் இல்லை. நான் கூடவே வண்டியில் போகிறவன். ஓடுகிறவரைவிடக் கூட வந்தவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஒரு மாரத்தானாவது ஓடி முடித்தவர் நீங்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. நிறுத்தச் சொல்வது யார்?

இதை ஓட்டம் தொடங்கும் முன்பே முடிவு செய்யுங்கள். வண்டியில் இருக்கும் ஒருவர், ஒரே ஒருவர். ஓடுகிறவருக்கு அந்த அதிகாரம் கிடையாது. அண்ணன், மச்சான், நிதி தரும் கம்பெனிக்காரர் யாருக்கும் கிடையாது.

2. விடிகாலை 4 மணிக்குக் கிளம்புங்கள்

பதினொன்றுக்கு நிறுத்தி, மூன்றரைக்கு மேல் மீண்டும் தொடங்குங்கள். பிரதிபலிக்கும் சட்டை, தலைவிளக்கு, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்த ஓட்டம்: இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. ஒன்று மட்டும் சொல்கிறேன். சாலை ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்கும். அந்தச் சரிவிலேயே நாள் முழுக்க ஓடினால் ஒரே முழங்கால்தான் அடி வாங்கும். சர்வீஸ் ரோடு வந்தால் அதில் இறங்கிவிடுங்கள்.

3. மொத்தத் தூரத்தைப் பேசாதீர்கள்

ஒரு காலில் செயற்கைக் கால் பொருத்திய டெர்ரி ஃபாக்ஸ், புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட 1980 ஏப்ரல் 12-இல் கனடாவின் கிழக்குக் கோடியிலிருந்து ஓடத் தொடங்கினார். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மாரத்தான் தூரம். அவருடைய நண்பர் வேனை ஒரு மைல் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார். டெர்ரி அங்கே வந்து தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த மைலுக்குப் போவார். கஷ்டமான நாளுக்கு இதைவிட நல்ல உத்தி எனக்குத் தெரியாது. திருநெல்வேலியிலிருந்து கோவில்பட்டிக்குச் சுமார் 55 கி.மீ., நிழல் குறைந்த கரிசல் பூமி. அந்த எண்ணைச் சொன்னாலே கால் மடங்கிவிடும். "அதோ வண்டி நிக்குது" என்றால் போய்விடுவார்.

4. இருபது நிமிட நிறுத்தம்

கால் மறுத்ததும் இருபது நிமிடம் நிறுத்துங்கள். எல்லாரும் சறுக்குவது இங்கேதான். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல, போலாம்" என்பார். மயங்கி விழும்வரை அதையேதான் சொல்வார். ஆகவே கேட்காதீர்கள், பாருங்கள். நிழலில் உட்காரவைத்து ஷூவைக் கழற்றிவிட்டு, இந்த வரிசையில்:

பேச்சு: காலையில் எந்த ஊரில் கிளம்பினோம், கடைசியாக எந்த ஊரைத் தாண்டினோம் என்று பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். பதில் குழறினால் அன்றைய ஓட்டம் முடிந்தது. உடம்பும் கொதித்தால் 108-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரட்டும் என்று காத்திராமல், வண்டியில் உள்ள தண்ணீர், ஐஸ் எல்லாவற்றையும் உடம்பில் கொட்டி விசிறுங்கள். நினைவு தடுமாறுகிறவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

எடை: வண்டியில் எடை மெஷின் இல்லாமல் கிளம்பாதீர்கள். காலையில் 62 கிலோ இருந்தவர் மதியம் 61 இருந்தால் கவலையில்லை. 60-க்குக் கீழே போனால் குடித்தது போதவில்லை. 62-ஐத் தாண்டினால்? அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்திருக்கிறார். ரத்தத்தில் சோடியம் குறையும். மோதிரம் இறுகும், தலை வலிக்கும், குமட்டும். 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்தம் சோதித்துப் பார்த்த 488 பேரில் 13 சதவீதத்தினருக்கு இந்தக் குறை இருந்தது. இந்த அறிகுறிகள் தெரிந்தால் தண்ணீரை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "நல்லா தண்ணி குடி தம்பி" என்று முதுகில் தட்டிவிட்டுப் போகிறவர்களை நான் வண்டிப் பக்கம் விடுவதில்லை.

சிறுநீர்: கூச்சப்படாமல் நிறத்தைக் கேளுங்கள். அடர் மஞ்சள் என்றால் குடிக்க வேண்டும். டிக்காக்‌ஷன் நிறத்தில் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்துக்குப் போகிறது என்று பொருள், நேராக ஆஸ்பத்திரி. பிரிட்டிஷ் நகைச்சுவைக் கலைஞர் எடி இஸ்ஸார்ட் 2012-இல் தென்னாப்பிரிக்காவில் 27 நாளில் 27 மாரத்தான் ஓட முயன்று, இந்தத் தசைச் சிதைவால்தான் தொடக்கத்திலேயே விலகினார். 2016-இல் திரும்பப் போய் 27-ஐயும் முடித்தார்.

ஒரு விரல்: "எங்கே வலிக்கிறது, ஒரே விரலால் காட்டு" என்று சொல்லுங்கள். உள்ளங்கையால் கணுக்கால் முதல் முழங்கால்வரை தடவினால் பெரும்பாலும் தசை வலி, நடக்கலாம். முன்னெலும்பில் ஒரே புள்ளியில் விரல் வைத்து, அங்கே அழுத்தும்போது துள்ளினால் எலும்பில் விரிசலாக இருக்கலாம். ஸ்கேன் பார்க்காமல் ஓட்டம் கிடையாது.

நடை: ஷூ போட்டுப் பத்து நிமிடம் நடக்கவிடுங்கள். நொண்டல் குறைந்தால் ஐந்து நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. அப்படியே இருந்தால் நடை மட்டும். கூடினால் வண்டியில் ஏற்றுங்கள்.

வலி மாத்திரை? கூடாது. உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் வகையறா சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். போதாததற்கு, நீங்கள் பார்க்க வேண்டிய வலியையும் மறைத்துவிடும்.

5. வயிறு மறுத்தால்

ஜெல்லைத் தூக்கிப் போடுங்கள். உப்புப் போட்ட கஞ்சி, நீர்மோர், ஒரு துண்டு கடலைமிட்டாய். இளநீரில் பொட்டாசியம் உண்டு, சோடியம் குறைவு. ஒரு சிட்டிகை உப்பு சேருங்கள். ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. அதை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுத்து வாந்தி எடுக்கவைக்கும் புண்ணியவான்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

6. பொன்னாடைக்காரர்கள்

ஓடி வந்த காலோடு மதிய வெயிலில் முக்கால் மணி நேரம் வரவேற்புக்கு நின்றால், பிறகு கால் கட்டை மாதிரி ஆகிவிடும். வரவேற்பு எல்லாம் மாலையில், நாற்காலியில் உட்கார்ந்து. தலைவர் வரத் தாமதமானால் உண்டியலோடு வேறொருவர் நிற்கட்டும்.

7. கல்லைப் படம் எடுங்கள்

நிறுத்திய இடத்தின் கிலோமீட்டர் கல்லைத் தேதியோடு படம் எடுத்து, மறுநாள் அதே கல்லிலிருந்து தொடங்குங்கள். அன்று மாலையே, "இன்று 42 ஓட வேண்டியது, 18 தான் முடிந்தது, காரணம் இது" என்று நன்கொடையாளர்களுக்கு எழுதுங்கள். பணம் நின்றுவிடும் என்று பயப்படாதீர்கள். டெர்ரி 143 நாளில் 5,373 கி.மீ. ஓடி, நுரையீரலில் புற்று பரவியதால் 1980 செப்டம்பர் 1-இல் நிறுத்தினார். அப்போது சேர்ந்திருந்தது சுமார் 17 லட்சம் டாலர். அடுத்த வாரம் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் மட்டும் ஒரு கோடி டாலர் வந்தது.

விட்டுப்போன 24 கி.மீ.யை மறுநாளே சேர்த்து ஓடாதீர்கள். எடி 2016-இல் ஆஸ்பத்திரியில் போன ஒரு நாளுக்காகக் கடைசி நாளில் இரண்டு மாரத்தான் ஓடினார். அவருக்கு அதன் பிறகு ஓட வேண்டிய நாள் இல்லை, உங்களுக்கு இருக்கிறது. பன்னிரண்டு நாளுக்கு இரண்டிரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். புதிதாகத் திட்டம் போடுகிறவர்கள் வாரத்துக்கு ஒரு நாளைத் தேதி குறிக்காமல் காலியாக விடுங்கள். கால் வராத நாள் என்றைக்கு வருகிறதோ, அன்றைக்கு அதை எடுத்துக்கொள்ளலாம்.