முதுகு வலிக்கக் கட்டிய மணல்வீடு

அன்புள்ள தங்கைக்கு,

கோடை விடுமுறை பற்றிய உன் எட்டுச் சிறுவர் பாட்டுகளும் கிடைத்தன. இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தேன். எதுகை உனக்குத் தானாக வருகிறது. அதில் நான் சொல்லித்தர ஒன்றுமில்லை.

ஆனால் உன் கோடையில் வெயிலே அடிக்கவில்லையே, தங்கச்சி. மாம்பழம் இனிக்கிறது, ஊஞ்சல் ஆடுகிறது, பிள்ளைகள் சிரிக்கிறார்கள். எங்கள் இராசபாளையத்துத் தோப்பில் சப்பட்டை மாங்காயைப் பறித்துக் காம்பைக் கிள்ளினால் பால் பீச்சும். அது பட்ட உதட்டோரம் புண்ணாகும். மறுநாள் உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்டுத் தின்கையில் திகுதிகுவென்று எரியும். எரிய எரியத் தின்போம். அந்த எரிச்சலை விட்டுவிட்டு மாங்காயை எப்படிப் பாடுவாய்?

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி நீ. ஆண்டாளை மார்கழியோடு நிறுத்திவிடாதே. நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பதிகத்தை எடுத்துப் படி. சிறுமிகள் மணலில் கட்டிய சிற்றிலைச் சிதைக்காதே என்று கண்ணனிடம் மன்றாடுகிறார்கள். முதுகு வலிக்க உட்கார்ந்து கட்டினோம் என்று சொல்லி மன்றாடுகிறார்கள். அந்த முதுகுவலியால்தான் அது வெறும் மணல் இல்லை, வீடு என்று நமக்குப் புரிகிறது.

பெரியாழ்வாரையும் படி. குழந்தை கை கொட்டும் சப்பாணிக்கு ஒரு பதிகம், தளர்நடைக்கு ஒன்று, அப்பூச்சி காட்டிப் பயமுறுத்துவதற்கு ஒன்று. பிற்காலப் பிள்ளைத்தமிழுக்கு வித்தே அவர் பாடல்கள்தான். நீ ஒரே பாட்டில் ஏழு விளையாட்டைத் திணித்திருக்கிறாய். நுங்கு வண்டி ஒன்றே போதும். தின்று முடித்த இரண்டு நுங்குக் கூடுகளைக் குச்சியால் கோத்து, கவட்டைக் கம்பால் தள்ளிக்கொண்டு கொதிக்கிற மண்ணில் வெறுங்காலோடு ஓடுகிற பிள்ளையை மட்டும் பார். திருப்பத்தில் வண்டி கவிழும், முழங்கால் சிராயும். அங்கே உன் பாட்டு ஓடட்டும்.

அணில் பாட்டில் முதுகில் மூன்று கோடு போட்டிருக்கிறாய். தப்பில்லை. ஆனால் உன் ஊர்ச் செண்பகத்தோப்பில் உடம்பளவு வால் நீண்ட சாம்பல் நிற அணில் கிளைக்குக் கிளை தாவுகிறது. 1988-இல் சரணாலயமே அதற்காகத்தான் வந்தது. கழுத்து வலிக்க அண்ணாந்து அதைத் தேடும் பிள்ளையை எழுது.

நான்கு பாட்டின் கடைசியில் புத்திமதி இருக்கிறது. நான்கையும் எடுத்துவிடு. விடுமுறையில் பிள்ளை நம்மை நம்பி வந்திருக்கிறது. அந்த நம்பிக்கையைக் கெடுக்க வேண்டாம்.

சந்தம் தட்டுகிற இடத்தில் எழுதியதைப் பார்க்காதே, காதைக் கேள். சத்திரப்பட்டிப் பக்கம் போனால் பேண்டேஜ் துணி நெய்யும் தறிச் சத்தம் தெருவெல்லாம் கேட்கும். அங்கே வளரும் பிள்ளைக்குத் தாளம் தொட்டிலிலேயே பழகிவிடுகிறது. வரி ஒன்று தடுக்கினால் உடனே கண்டுபிடித்துவிடும்.

நுங்கு வண்டிப் பாட்டைத் திருத்தியதும் எனக்கு அனுப்பாதே. முதலில் உன் தெருப் பிள்ளைகளுக்குப் பாடிக் காட்டு. யாராவது ஒரு பிள்ளை, "எனக்கும் இங்கதான் அடிபட்டுச்சு" என்று முழங்காலைத் தூக்கிக் காட்டினால் அந்த வரியில் கை வைக்காதே. மற்றதைச் சரிசெய்துகொண்டு வைகாசியில் வீட்டுக்கு வா. சப்பட்டை பழுத்திருக்கும்.

அன்புடன்,
அக்கா
இராசபாளையம்