எண்ணிறந்த கோப்புகளும் இடையில் நின்றுபோகும் நிரலும்

திருப்பதியிலிருந்து சித்தூர் செல்லும் மார்க்கத்தில் காதங்கி என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே 1992-இல் தேசிய எம்.எஸ்.டி. ரேடார் நிலையமாகத் தொடங்கப்பெற்ற ஸ்தாபனம், 2005 முதல் தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக்கூடம் என்று வழங்கப்படுகின்றது. 53 மெகாஹெர்ட்ஸ் அலைகளைச் செலுத்தி மேல்வளியின் இயக்கத்தை அறியும் அதன் ரேடாரில், வரிசைக்கு 32 வீதம் 32 வரிசைகளில் 1,024 யாகி ஆன்டெனாக்கள் நிறுவப்பட்டுள்ளன. இவ்வெண்ணை வாசகர்கள் நினைவிற் கொள்க.

வளிமண்டல ஆராய்ச்சியில் அளவீடுகள் கணிப்பொறிக் கோப்புகளாகவே குவிகின்றன. நிமிஷத்துக்கு ஒரு கோப்பு எழுதும் சாதாரண வானிலைக் கருவியொன்றை உதாரணமாகக் கொள்வோம். நாளொன்றுக்கு 1,440 கோப்புகள், ஆண்டொன்றுக்கு 5,25,600. பத்துக் கோப்புகளில் செவ்வனே இயங்கிய நிரல் இத்தொகையைக் கண்டதும் நின்றுபோவது ஏன்? நினைவகம் போதாமையே காரணம் எனப் பலர் கருதுவர். எல்லாவற்றையும் ஒருங்கே ஏற்றிவைக்கும் நிரலுக்கு அது மெய்யே. ஆயினும் வேறு காரணமும் உண்டு.

லினக்ஸ் முறைமையில் ஒரு நிரல் ஒரே சமயத்தில் திறந்துவைக்கக்கூடிய கோப்புகளுக்கு வரம்பு உண்டு. பொதுவாக அது 1,024 ஆகும். (ஆன்டெனாக்களின் தொகையோடு இஃது ஒத்திருப்பது தற்செயலே, இரண்டும் இரண்டின் பத்தாம் அடுக்கு.) உள்ளீடு, வெளியீடு, பிழைச்செய்தி ஆகியவற்றிற்கு மூன்று இடங்கள் போக எஞ்சுவன 1,021. படித்த கோப்பை மூடாது விடும் நிரல் 1,022-ஆவது கோப்பில் தடுக்கப்படும்.

நிரல் வெளிப்படையாக நின்றுவிடின் நன்றே. பிழையைப் பொருட்படுத்தாது மேற்செல்லுமாறு எழுதப்பட்டிருப்பின் கேடு பெரிது. நள்ளிரவிலிருந்து எண்ணினால் 1,021 நிமிஷங்கள் மாலை 5 மணியளவில் முடிகின்றன. கோடையில் இப்பகுதியில் இடிமழை பெரும்பாலும் மாலையிலும் முன்னிரவிலுமே பெய்யும். அந்நேரத்துக் கோப்புகள் படிக்கப்படாமையால், மழை பெய்த நாள் மழையற்ற நாளாகக் கணக்கில் ஏறும். அட்டவணையைப் பார்ப்பவருக்கு ஐயம் எழாது.

வட்டில் இடமிருந்தும் இடமில்லை என்ற செய்தி வருவதும் உண்டு. ஒவ்வொரு கோப்பிற்கும் ஐநோடு எனப்படும் பதிவிடம் ஒன்று வேண்டும். எக்ஸ்ட்4 அமைப்பில் வழக்கமாக 16 கிலோபைட்டுக்கு ஒன்று வீதமே இவை ஒதுக்கப்படுகின்றன. சராசரியாக அதனினும் சிறிய கோப்புகள் நிறையின் பதிவிடங்கள் முன்னதாகத் தீர்ந்துவிடும். பழைய கோப்புகளை நாள்வாரியாக ஒரே கட்டாக இணைத்துவைப்பது இதற்குத் தக்க பரிகாரம்.

வரம்பை உயர்த்துதல் முன்னைய கோளாறை ஒத்திப்போடுமேயன்றித் தீர்க்காது. ஒவ்வொரு கோப்பையும் படித்தவுடன் மூடுதல் வேண்டும். முடிந்தவற்றின் பெயரை ஒரு பதிவேட்டில் எழுதிவரின், தடைப்பட்ட பணியை விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வந்த கோப்புகளின் தொகை, படித்தவை, தள்ளப்பட்டவை ஆகிய மூன்றையும் நிரல் இறுதியில் அச்சிடுமாறு செய்து, கணக்கு நேராகின்றதா என்று பார்த்த பின்னரே ஊழியர் சராசரியை மேலிடத்துக்கு அனுப்புதல் வேண்டும்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே காட்டலாம். ஆளுக்கொரு எண் எழுதிய 2,000 சிறு கோப்புகளை உண்டாக்கி, அவற்றைத் திறந்து, மூடாமல் ஒரு பட்டியலில் வைத்துக்கொள்ளும் பைத்தான் நிரலை மாணவர் எழுதட்டும். எத்தனையாவது கோப்பில் அது நிற்கின்றது என்று முன்னதாக ஊகித்துக் குறித்த பின், இயக்கிப் பார்க்கட்டும்.