எதிரிக்கும் ஒரு வீடு இருக்கிறது

கேள்வி: தோழிகள் சொல்லி ‘அட்டாக் ஆன் டைட்டன்’ பார்க்கத் தொடங்கினேன். முதல் சீசன் முழுக்க நாயகன் எரென் பக்கம்தான் இருந்தேன். கடைசி சீசன் முடிந்தபோது யார் பக்கம் நிற்பது என்றே தெரியவில்லை. பல நாள் மனசு கனத்துக் கிடந்தது. ‘பொம்மைப் படத்துக்கா இவ்வளவு அழுகை?’ என்று வீட்டில் கேட்கிறார்கள். நம் சினிமாவில் இதைவிட அதிகமான ரத்தத்தைப் பார்த்திருக்கிறேன், அது இப்படி உறுத்தியதில்லை. சில அனிமே தொடர்கள் மட்டும் ஏன் இப்படி இருட்டாகவும், நியாயம் எந்தப் பக்கம் என்று பிடிபடாமலும் இருக்கின்றன? இவற்றைப் பார்ப்பது மனசுக்குக் கெடுதலா?
— கல்லூரி மாணவி, ஈரோடு

பதில்: பாதிப் பதிலை நீங்களே சொல்லிவிட்டீர்கள். ரத்தத்தைத் தாங்கிக்கொண்ட உங்களால், யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் போனதைத் தாங்க முடியவில்லை. ஹஜிமே இசாயாமா 2009 முதல் 2021 வரை மாங்காவாக (ஜப்பானியப் படக்கதை) வரைந்த அந்தக் கதை முழுவதும், உங்களை அந்த இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துவதற்காகவே கட்டப்பட்டது. (தொடரை இன்னும் முடிக்காதவர்கள் இந்தப் பக்கத்தைத் தள்ளிவைத்துவிடுங்கள். முடிச்சுகளை அவிழ்க்காமல் இதற்குப் பதில் சொல்ல வழியில்லை.)

அந்த இடத்துக்கு எப்படி வந்தீர்கள் என்று பின்னோக்கிப் பாருங்கள். 2013இல் வந்த முதல் சீசனில், ஊரைக் காத்த சுவர் உடைந்த அன்று, எரெனின் தாயை ஒரு டைட்டன், அதாவது மனிதரைத் தின்னும் ராட்சத உருவம், அவன் கண்ணெதிரே தின்கிறது. அந்த நிமிடமே நாமும் அவனோடு சேர்ந்து சபதம் எடுத்துவிடுகிறோம். பிறகு சுவரை உடைத்தவர்களில் ஒருவன் ரெய்னர் என்று தெரிகிறது. அவன் எரெனோடு ஒரே படையில் பயிற்சி எடுத்தவன், ஒன்றாகச் சாப்பிட்டவன். மூன்றாவது சீசனில் எரெனின் வீட்டு அடித்தளத்து அறை திறக்கிறது, உண்மை தெரிகிறது. டைட்டன்கள் எல்லாம் மனிதர்கள். எரெனின் சொந்த இனமான எல்டியர்கள். மார்லி என்ற நாடு அவர்களுக்கு ஊசி போட்டு, உருமாற்றி, எரென் வாழும் தீவில் தள்ளிவிட்டிருக்கிறது. தாயைத் தின்ற டைட்டனோ, எரெனின் அப்பாவுக்கு முதல் மனைவியாக இருந்தவள்.

நான்காவது சீசன் எதிரியின் ஊரில் தொடங்குகிறது. இந்தத் தொடரின் ஆகப் பெரிய துணிச்சல் என்று நான் நினைப்பது இதைத்தான். முதல் எபிசோடிலேயே நாம் மார்லியின் போர்க்களத்தில் இருக்கிறோம். கையில் பட்டி கட்டிய எல்டியச் சிறுவர்கள், தங்களை ஒடுக்கும் நாட்டுக்காகவே சண்டை போடுகிறார்கள். அவர்களுக்கும் அம்மா இருக்கிறாள், சாப்பாட்டு மேசை இருக்கிறது, கேலியும் சிரிப்பும் இருக்கின்றன. சில எபிசோடுகளில் அவர்கள் நமக்குப் பழகிவிடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் எரென் அந்த ஊருக்குள் டைட்டனாக எழுகிறான். கபி என்ற சிறுமியின் கண்ணெதிரே அவளுடைய நண்பர்கள் இருவர் சாகிறார்கள். அவள் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஆகாயக் கப்பல்வரை துரத்திப் போய் எரெனின் படைத்தோழி சாஷாவைச் சுட்டுக் கொல்கிறாள்.

சாஷா நமக்கு எவ்வளவு பிரியமானவள்! பார்த்தவர்களில் பலர் கபியை மனதார வெறுத்தார்கள். ஆனால் கபி செய்தது, சுவர் உடைந்த அன்று எரென் செய்யத் துடித்த அதே காரியம். அவனுக்குக் கைதட்டிய நாம் இவளைச் சபிக்கிறோம். நடுவில் மாறியது நியாயம் அல்ல, கேமரா நின்ற பக்கம் மட்டுமே. இதைத் தொடர் வசனமாகச் சொல்லித் தருவதில்லை. நம் வெறுப்பையே நம் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கிறது. பிறகு கபி அகப்பட்டு, சாஷாவின் தந்தையிடம் கத்தி வந்து சேரும்போது, மகளைக் கொன்ற சிறுமியை அவர் விட்டுவிடுகிறார். பெரியவர்கள் சுமக்க வேண்டிய பாவத்தைப் பிள்ளைகள் தலையில் ஏற்றக்கூடாது என்பது அவருடைய நியாயம். உலகத்து மனிதர்களில் எண்பது சதவீதம் பேரை எரென் கடைசியில் மிதித்துக் கொல்லும் கதையில், என்னை அதிகம் உலுக்கியது அந்த வேட்டைக்காரக் குடியானவர் சொன்ன பதில்தான்.

நீங்கள் சொல்லும் சினிமா ரத்தம் உறுத்தாததற்குக் காரணமும் இங்கேதான் இருக்கிறது. அங்கே செத்து விழும் அடியாளுக்கு வீடு கிடையாது. வீட்டைக் காட்டிவிட்டால் அந்தச் சண்டையை ரசிக்க முடியாது.

எதிரியின் வீட்டையும் காட்டும் இந்தப் பழக்கம் ஜப்பானிய அனிமேவுக்கு எங்கிருந்து வந்தது? என் எண்ணத்தில் அது ஜப்பான் போரில் தோற்ற 1945இலிருந்து வருகிறது. அந்தத் தலைமுறையின் முக்கியமான படைப்பாளிகள் பலர், குண்டு விழுந்த ஊர்களில் பிள்ளைகளாக இருந்தவர்கள். அதே சமயம், பக்கத்து நாடுகளை ஆக்கிரமித்த ஒரு நாட்டின் பிள்ளைகள். நாங்கள் நல்லவர்கள், வென்றோம் என்று கதை சொல்ல அவர்களுக்கு வழியில்லை. பாதிக்கப்பட்டவர்கள் என்று மட்டும் சொல்லிக்கொள்ளவும் நேர்மையானவர்களால் முடியவில்லை.

இசாவோ தகாஹாதா ஒன்பது வயதில் ஒகாயாமா நகரத்து விமானத் தாக்குதலில் தப்பியவர். அவர் 1988இல் எடுத்த ‘கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்’ படத்தில், கோபே நகரம் எரிந்தபின் செய்தா என்ற சிறுவனும் தங்கை செத்சுகோவும் பட்டினியால் சாகிறார்கள். கதையின் மூலம் அகியுகி நோசாகா 1967இல் எழுதிய சிறுகதை. போர்க்காலத்தில் பசிக்குத் தங்கையைப் பறிகொடுத்தவர் அவர். அந்தக் குற்ற உணர்வோடுதான் எழுதினார். படத்தைப் பார்ப்பவர்கள் குண்டு போட்ட விமானத்தின் மீது கோபப்பட்டு ஆறுதல் அடைந்துவிட முடியாது. அடைக்கலம் கொடுத்த உறவுக்காரப் பெண்மணி கடுஞ்சொல் சொன்னாள் என்பதற்காகத் தங்கையையும் அழைத்துக்கொண்டு வெளியேறினானே செய்தா, அந்த ரோஷத்துக்கும் தங்கையின் சாவில் பங்கு உண்டு. இதைப் போர் எதிர்ப்புப் படம் என்று பிறர் சொன்னபோது தகாஹாதா ஏற்றுக்கொள்ளவில்லை. அவருக்கு அந்தப் பையனின் முடிவுகளும் கணக்கில் வர வேண்டியிருந்தது.

பிள்ளைகள் பார்க்கும் ரோபோ தொடருக்குள்ளேயே இதைக் கொண்டுவந்தவர் யோஷியுகி தொமினோ. 1979இல் வந்த ‘மொபைல் சூட் கண்டம்’ தொடரில், பதினைந்து வயது அமுரோ சுட்டு வீழ்த்தும் எதிரிகளுக்குப் பெயர் உண்டு, காதலி உண்டு, கண்ணியமும் உண்டு. பொம்மை விற்பதற்காகத் தயாரித்த தொடர் அது. பார்வையாளர்கள் குறைந்ததால் 52 எபிசோடுகளாகத் திட்டமிட்டதை 43இல் முடித்துவிட்டார்கள். பிறகுதான் மறு ஒளிபரப்பும் திரைப்படத் தொகுப்புகளும் அதைப் பெரிய அலையாக்கின. 1986இல் பிறந்த இசாயாமா போரைப் பார்த்தவர் அல்லர். இவர்கள் போட்டுவைத்த பாதை அவருக்குக் கிடைத்தது.

அனிமே கதைகள் பல மாங்கா இதழ்களிலிருந்து வருவதால், பத்திரிகைத் தொழிலுக்கும் இதில் பங்கு பெரிது. அமெரிக்காவில் 1954இல் வந்த காமிக்ஸ் தணிக்கை விதிகள், குற்றம் தோற்க வேண்டும், நன்மை வெல்ல வேண்டும் என்று எழுதியே வைத்தன. ஜப்பானில் அந்த ஐம்பதுகளிலேயே யோஷிஹிரோ தாட்சுமி போன்றவர்கள் ‘கெகிகா’ என்ற பெயரில் பெரியவர்களுக்கான படக்கதைகளை வரையத் தொடங்கிவிட்டார்கள். 1968இல் ‘பிக் காமிக்’ வந்தது. வேலைக்குப் போகும் ஆண்களுக்கு ஒரு மாங்கா இதழ், பெண்களுக்கு ஒன்று, பள்ளிப் பையன்களுக்கு வேறொன்று என்று சந்தை பிரிந்தது. நாவோகி உராசாவாவின் ‘மான்ஸ்டர்’ அப்படிப்பட்ட பெரியவர்களுக்கான இதழில் வந்த கதை. மேயரை விட்டுவிட்டு, முதலில் வந்த சிறுவனுக்கு அறுவை சிகிச்சை செய்கிறார் டாக்டர் தென்மா. அந்தச் சிறுவன் வளர்ந்து கொலைகாரனாகிறான். அவர் செய்தது சரியா தவறா என்று அதன் அனிமே வடிவத்தின் 74 எபிசோடுகள் கேட்டுக்கொண்டே போகின்றன. இதழில் தொடர் எழுதுவது பெரும்பாலும் ஒரே ஆசிரியர். கதை அவருடையது, ஆகவே பாத்திரம் செத்தால் செத்ததுதான். நூறு ஆண்டானாலும் நாயகனை உயிரோடு வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை.

படம் எடுக்கும் முறையையும் சொல்ல வேண்டும். ஒசாமு தெசுகா 1963இல் ‘ஆஸ்ட்ரோ பாய்’ தொடரை வாரந்தோறும் கொடுப்பதற்காக, வரையும் படங்களின் எண்ணிக்கையைக் குறைத்தார். அசையாத முகம், வானம், காலி அறை என்று காட்சிகள் நின்றன. காசில்லாமல் வந்த அந்த அசைவின்மையைப் பின்னால் வந்தவர்கள் உணர்ச்சிக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். ஹிதேயாகி அன்னோ மனச்சோர்வுக்குப் பிறகு 1995இல் தொடங்கிய ‘எவாஞ்சலியன்’ தொடரில், லிஃப்ட்டுக்குள் இரண்டு சிறுமிகள் பேசாமல் நிற்கும் காட்சி ஒன்று வரும். ஏறக்குறைய ஒரு நிமிடம் திரையில் எதுவும் நகராது. அந்த ஒரு நிமிடத்தை நிரப்ப நம் மனசை விட்டால் வேறு எதுவும் இல்லை.

இருட்டாக இருப்பதெல்லாம் ஆழம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதிர்ச்சிக்காகவே பிள்ளைகளை வதைத்துக் காட்டும் தொடர்களும் ஏராளம். உங்களுக்குப் பிடித்த இந்தத் தொடரிலும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. வேலிக்குள் அடைத்து, கைப்பட்டி கட்டவைத்த எல்டியர்களின் உருவம் நாஜிகள் காலத்து யூதர்களிடமிருந்து எடுத்தது. யூதர்கள் உலகுக்கு ஆபத்து என்று நாஜிகள் சொன்னது முழுப் பொய். கதையில் எல்டியர்களோ நிஜமாகவே டைட்டனாக மாறக்கூடியவர்கள், அவர்களுடைய முன்னோர் உலகை நசுக்கியதும் கதைக்குள் நிஜம். அந்த இரண்டையும் ஒரே உருவத்தில் பொருத்தியது பெரிய தவறு. தொடரை நேசிப்பவர்கள் இதைப் பேசாமல் கடந்துபோகக்கூடாது.

கெடுதலா என்று கேட்டீர்கள். எதிரியின் வீட்டைப் பார்த்து மனசு கனத்தது நோயல்ல. கதை உங்களிடம் ஒழுங்காக வந்து சேர்ந்திருக்கிறது. தூக்கம் கெட்டாலோ, படிப்பில் மனம் செல்லாமல் போனாலோ, சில மாதம் விட்டுவிடுங்கள், நம்பிக்கையான ஒருவரிடம் பேசுங்கள். ஒரே இரவில் பத்து எபிசோடு பார்ப்பதை மட்டும் கட்டாயம் நிறுத்துங்கள். மாதக்கணக்கில் இடைவெளி விட்டு வந்த கதை இது, அந்த இடைவெளி உங்களுக்கும் தேவை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுத் தம்பி தங்கைகள் கூட உட்கார்ந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பொம்மைப் படம் என்கிற வீட்டாரோடு வாதாட வேண்டாம். ‘கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்’ ஒன்றரை மணி நேரம்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சேர்ந்து பாருங்கள். நீங்கள் தனியாகப் பார்ப்பதற்கு ‘வின்லாண்ட் சாகா’ என்ற அனிமே தொடரைச் சொல்வேன். முதல் சீசனில் தந்தையைக் கொன்றவனைப் பழிவாங்கவே வாழும் தோர்ஃபின், இரண்டாவது சீசனில் அடிமையாகி டென்மார்க்கில் ஒரு பண்ணையில் காட்டைத் திருத்தி உழுகிறான், தான் கொன்றவர்களைக் கனவில் காண்கிறான். சண்டை குறைந்துவிட்டதே என்று பலர் அங்கே நிறுத்திவிடுகிறார்கள். நீங்கள் நிறுத்தாதீர்கள். எரென் எடுத்த முடிவைத் தவிர வேறு எந்த முடிவும் இல்லையா என்ற கேள்வி உங்களுக்குள் இன்னும் இருக்குமானால், அதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல பதில் அந்த 24 எபிசோடுகளில் இருக்கிறது.