உப்பை விட்டால் போதுமா?

கேள்வி: நான் மூன்று மாதக் கர்ப்பிணி, தலைப்பிரசவம். என் அக்காவுக்குத் தலைப்பிரசவத்தில் பிரஷர் ஏறி, வலிப்பும் கண்டு, எட்டாம் மாதத்திலேயே ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். அதனால் உப்பை அறவே விட்டுவிடச் சொல்கிறார் என் மாமியார். விட்டால் எனக்கு அப்படி நேராதா?
— வாசகி, மன்னார்குடி

பதில்: உங்கள் மாமியாரின் அக்கறை போற்றத்தக்கதே, ஆயினும் உப்பை அறவே விலக்குவதால் கர்ப்ப காலத்தில் பிரஷர் ஏறும் இந்நோய் தடைப்படுவதில்லை. உப்பினும் முக்கியமானது, உங்கள் அக்காவின் விருத்தாந்தத்தை டாக்டரிடம் சொல்லிவிடுவது.

கர்ப்பத்தின் முற்பாதியில், நஞ்சுக்கொடிக்கு இரத்தம் கொணரும் கருப்பையின் சுருள் நாளங்கள் நன்கு விரிந்துகொடுக்க வேண்டும். அங்ஙனம் விரியாத சிலருக்கு, போதிய இரத்தம் பெறாத நஞ்சுக்கொடியிலிருந்து சில பொருள்கள் தாயின் இரத்தத்தில் கலந்து, சிறுநீரகம், ஈரல், மூளை முதலிய அவயவங்களைத் தாக்க, பெரும்பாலும் 20 வாரங்களுக்குப் பின்னரே இரத்த அழுத்தம் 140/90-ஐ எட்டி நோய் வெளிப்படுகிறது. வித்து முன்பே விழுந்துவிடுவதால்தான் ஆரம்பத்திலேயே எச்சரிக்கை வேண்டும் என்கிறேன்.

முந்திய பிரசவத்தில் இந்நோய் கண்டவர்கள், ஏற்கெனவே இரத்தக் கொதிப்போ, நீரிழிவோ, சிறுநீரக வியாதியோ உடையவர்கள், இரட்டைக் குழந்தைகளைச் சுமப்பவர்கள் ஆகியோருக்கு அபாயம் மிகுதி. தலைப்பிரசவம், தாய்க்கோ உடன்பிறந்தாளுக்கோ இந்நோய் வந்திருத்தல், 35-க்கு மேற்பட்ட வயது, மிகுந்த ஸ்தூலம், முந்திய பிரசவத்துக்குப் பின் 10 ஆண்டுக்கு மேல் இடைவெளி ஆகியவை ஒவ்வொன்றும் தனித்து நின்றால் மிதமான காரணங்களே. இரண்டு சேர்ந்தால் அலட்சியம் செய்யலாகாது. உங்களிடம் இரண்டு சேர்ந்திருக்கின்றன.

இத்தகையோருக்கு 12 வாரத்துக்குப் பின், கூடுமானவரை 16 வாரத்துக்குள், சிறிய அளவில் ஆஸ்பிரின் தொடங்கினால் அபாயம் குறைகிறது என்பது ஆராய்ச்சியில் ஸ்திரப்பட்ட செய்தி. அதை டாக்டர் எழுதித் தந்தே உட்கொள்ள வேண்டும். கடையில் தானே வாங்கி விழுங்கலாகாது. உணவில் சுண்ணாம்புச் சத்துக் குறைவுள்ளவர்களுக்குக் கால்சியம் மாத்திரையும் பயன் தரும். பாலும் கேழ்வரகும் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிற்காலத்தில் ஓயாத தலைவலி, கண் மங்குதல், மேல்வயிற்று வலி, திடீரென முகமும் கையும் வீங்குதல் இவற்றுள் எது கண்டாலும், நள்ளிரவாயினும் ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.

அக்காவின் ஆஸ்பத்திரிச் சீட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். இந்நோய் கண்ட தாய்மாருக்குப் பிற்காலத்தில் இரத்தக் கொதிப்பும் இருதய நோயும் வரும் வாய்ப்பு அதிகமாதலால், ஆண்டுதோறும் இரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளுமாறு அக்காவிடமும் சொல்லுங்கள்.