மனத்தைப் பேணும் நாள்முறை



உடம்பில் அழுக்குப் படிந்தால் நீராடுகிறோம்; நோய் கண்டால் வைத்தியரை நாடுகிறோம். மனம் மட்டும் தானே சீராயிருக்கும் என்று எண்ணி விட்டுவிடுகிறோம். பகவர் புத்தர் அருளிய சீலம், சமாதி, பிரக்ஞை என்னும் மூன்றும் மனத்தைப் பேணும் பயிற்சிகளே. ஆதலின் மனநலம் நமக்குப் புறம்பான பாடமன்று. அஃது ஒரே நாளில் முடியும் காரியமுமன்று. நாள்தோறும் புதிதாகச் செய்யவேண்டிய கடமை. அதனையே ஈண்டு ஆராய்வோம்.

நூற்பாலையில் உழைத்தோர் அறிந்த செய்தி ஒன்றுண்டு. கதிரில் நூல் அறுந்தவுடன் கண்டு இணைத்துவிட்டால் அது நொடிப்பொழுது வேலை. கவனியாது விட்டாலோ பஞ்சு உருளையிற் சுற்றிக்கொள்ளும். பக்கத்து இழைகளும் கெடும். பிறகு பொறியை நிறுத்தி, சுற்றியதை அறுத்தெடுக்க நேரும். மனமும் அத்தகையதே. உறக்கம் கெடுதல், சிறு சொல்லுக்குப் பெருஞ்சினம், பேச்சற்றுத் தனித்திருத்தல், செய்யும் வேலையில் வெறுப்பு ஆகியவை இழை அறுந்தமைக்கு அடையாளங்கள். அவற்றைத் தொடக்கத்திலேயே காணும் விழிப்பைத்தான் எட்டுறுப்பு வழியில் நற்கடைப்பிடி என்கிறோம்.

நிற்க. புனே நகரைச் சார்ந்த கட்கியிலும் தேஹூரோடிலும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழ்கின்றன. 1954 டிசம்பர் 25 அன்று பாபாசாகேப் அம்பேத்கர் புத்தரின் திருவுருவை நிறுவிய ஊர் தேஹூரோடு. இப்பகுதிகளில் உபதேசத்தின்பொருட்டு நாம் சென்ற இல்லங்கள் பலவற்றிலும் கேட்ட துயரம் ஒன்றே. இரவு ஷிப்டு முடித்து வருபவர் உறக்கம் வேண்டிக் குடிக்கிறார். பிறகு குடித்தாலன்றி உறங்க இயலாதவராகிறார். மருந்தென்று தொடங்கியது நோயாகிவிடுகிறது.

இதன் காரணம் எளிது. மது முதலிற் கண்ணயரச் செய்யும். ஆனால் உறக்கத்தின் பிற்பாதியைக் கலைத்துவிடும். கலைந்த உறக்கத்தால் மறுநாள் படபடப்பும் சோர்வும் மிகும். அவற்றைத் தணிக்க மீண்டும் மது. சிகாலகன் என்னும் இல்லறத்தானுக்குப் பகவர் மதுவின் கேடுகளை ஆறாக வகுத்துரைத்தார்: பொருளிழப்பு, சண்டை, நோய், அவப்பெயர், நாணமிழத்தல், அறிவு மழுங்குதல். இவற்றுள் இறுதியாகக் கூறிய அறிவு மழுங்குதலே ஏனைய ஐந்தையும் காணவொட்டாமல் செய்வது.

இந்நோய்க்கு நம் ஊரிலேயே செய்யப்பட்ட நற்பணி ஒன்றை அறிதல் நன்று. எரவாடா மனநல மருத்துவமனை வளாகத்தில் 1986 ஆகஸ்டு 29 அன்று ‘முக்தாங்கண்’ என்னும் போதை மீட்பு மையம் தொடங்கிற்று. மனநல மருத்துவர் சுனந்தா அவசட்டும் அவர்தம் கணவரும் எழுத்தாளருமான மருத்துவர் அனில் அவசட்டும் அதனை நிறுவினர். மராத்தி எழுத்தாளர் பு. ல. தேஷ்பாண்டே பொருளுதவி புரிந்தார். சுனந்தா 1997இலும் அனில் 2022இலும் மறைந்தனர், மையம் தொடர்கின்றது. அங்கு வருவோர் 35 நாள் தங்கி, யோகம், உழைப்பு, கூடிப் பேசுதல் என ஒழுங்கான நாள்முறையில் வாழப் பழகுகின்றனர். ஒருகாலத்தில் நோயாளராய் வந்து மீண்டோர் பலர் அங்கே பணியாளராய் நின்று பிறரை மீட்கின்றனர்.

குடியிலிருந்து மீள்வோர் உலகெங்கும் கைக்கொள்ளும் நெறி ஒன்றுண்டு. 1935இல் அமெரிக்காவிற் குடியர் இருவர் தொடங்கிய ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ சங்கத்தார், “வாழ்நாள் முழுதும் தொடேன்” என்று சூளுரைப்பதில்லை. “இன்று ஒரு நாள் தொடேன்” என்றே உறுதி கொள்கின்றனர். இது நமக்குப் புதிதன்று. பஞ்சசீலத்தை நாம் ஒருமுறை ஏற்று முடித்துவிடுவதில்லை. மீண்டும் மீண்டும் ஏற்கிறோம். வாழ்நாளை எண்ணினால் மனம் மலைக்கும். ஒரு நாளையோ எவரும் சுமக்கலாம். ஐந்தாம் சீலத்திற்கு மட்டுமன்று, மனத்தைப் பேணும் எல்லாப் பழக்கத்திற்கும் இதுவே அடிப்படை.

இனி, நாள்முறையைக் கூறுவோம்.

1. உறக்கம். வளர்ந்தோர்க்கு 7 மணி நேரமேனும் வேண்டும். பகலில் உறங்குவோர் சன்னலைத் திரையிட்டு இருளாக்குக. இயன்றவரை ஒரே நேரத்திற் படுக்க. தேநீரின் ஊக்கம் உடம்பிற் பல மணி நேரம் தங்குமாதலால், உறங்குமுன் 6 மணி நேரம் அதனைத் தவிர்க்க.

2. மூச்சைக் கவனித்தல். எழுந்தவுடன் 10 நிமிடம் அமர்ந்து, மூச்சு வருவதையும் போவதையும் காண்க. மனம் ஓடினால் கடிந்துகொள்ளாது திரும்ப அழைத்து வருக. அறுந்த இழையை இணைப்பது போன்றதே அது.

3. நடை. உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தோர்க்கு வாரம் 150 நிமிட உடற்பயிற்சியேனும் வேண்டும் என்கிறது. நாளொன்றுக்கு 30 நிமிடம் வீதம் 5 நாள் விரைந்து நடந்தால் அது நிறைவேறும்.

4. நற்சேர்க்கை. ஒவ்வொரு நாளும் ஒருவரிடமேனும் மனந்திறந்து பேசுக. ஊரைவிட்டு வந்து தனித்துறையும் தொழிலாளர்க்கு இது சோற்றுக்கு ஒப்பானது.

5. மாலைக் கணக்கு. அன்று எப்போது சினந்தோம், எது தூண்டிற்று என்று எண்ணிப் பார்க்க. குற்றஞ்சாட்டிக்கொள்ளவன்று, மறுநாள் விழித்திருக்கவே.

ஆயினும் பழக்கங்கள் மருத்துவத்திற்கு மாற்றாகா. பல ஆண்டு மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் சித்தக்கலக்கமும் நேரலாம். உயிருக்கே ஊறு விளையலாம். அவர் மருத்துவர் துணையோடுதான் நிறுத்தல்வேண்டும். 2 வாரத்திற்கு மேல் நீங்காத துயரம், இல்லாத குரல் கேட்டல், உயிரை மாய்க்கும் எண்ணம் ஆகியவை கண்டால் காலந்தாழ்த்தலாகாது. தியான முகாமுக்கு அனுப்பினாற் போதுமென்று கருதவேண்டா; 10 நாள் விபஸ்ஸனா முகாம் நடத்துவோரே கடுமையான மனநோயுற்றோரைச் சேரவேண்டாமென்கின்றனர். 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலும் மராத்தியிலும் பேசலாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மனநல மருத்துவத்தை ஒவ்வொருவரின் உரிமையாக்கியுள்ளது. உரிமையைப் பெறுவதில் வெட்கம் எதற்கு?

இறுதியாகச் சங்கத்தார்க்கு ஒரு சொல். குடித்தவன் என்று ஒருவரை விகாரை வாயிலில் தடுத்து நிறுத்துவோர் நம்மிடையே உளர். தீண்டாமையின் துன்பத்தை அறிந்து தம்மத்தில் தஞ்சம் புகுந்த நாம், நோயுற்றவனைத் தள்ளிவைப்பது தகுமா? வெறியில் இருக்கும்போது பூசையில் அமரவேண்டாமெனலாம். தெளிந்து வரும்போது அவனுக்கு அருகே பாய் விரித்து வைத்தல் நம் கடன். நேற்றுத் தவறியவனும் இன்று சீலம் ஏற்கலாம். அவன் மனைவி மக்களிடமும் நலம் உசாவுக. அவர்தம் மனமும் அடிபட்டிருக்கும்.

நாளைக் காலை பஞ்சசீலம் ஏற்கும்போது, “இன்று ஒரு நாள்” என்று மனத்துள் கூறிக்கொள்க. பக்கத்து வீட்டில் ஒருவர் பல நாளாய் வெளிவராதிருப்பின், அன்றே சென்று கதவைத் தட்டுக.

எல்லா உயிர்களும் துயர் நீங்கி நலம் பெறுக.